நாற்பது கிலோவுக்கு மேல்

கல்வாசல் மேடு
மார்ச் 11

ஹைபோ,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. எனக்காக வேண்டாம், உன் அத்தானுக்காகப் படி.

போன வாரம் பெய்த மழையில் எங்கள் சரிவு இறங்கிவிட்டது. தோட்டத்துச் சாலை இருந்த இடத்தில் இப்போது சேறும் பாறையும்தான். செல்போன் கோபுரமும் அதோடு போய்விட்டது. முகட்டில் ஏறினால் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். நேற்று ஏறி உன்னை அழைத்தேன். மணி அடித்தது, நீ எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன், துண்டித்தாய். சரி. புத்தாண்டு விருந்தில் நான் பேசியது அப்படி. நீ பேசியதும் அப்படித்தான்.

யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் உன் அத்தானின் டயாலிசிஸ் திரவப் பெட்டிகள் கீழே, சாலை முனையில், கென்ஃபாவின் கடையில் இருக்கின்றன. இந்த மாதத்துக்கானது மொத்தமும் வந்து இறங்கியிருக்கிறது. எங்கள் முற்றத்திலிருந்து பார்த்தால் கடை வாசலில் வெள்ளையாக அடுக்கி வைத்திருப்பது தெரிகிறது. அவர் தினமும் வாசலில் நாற்காலி போட்டு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "என் சிறுநீரகம் அங்க கடைல இருக்கு பாரு"ன்னு சிரிக்கிறார். உனக்குத் தெரியுமே, ஒரு நாளைக்கு நாலு பை வயிற்றுக்குள் விட்டு எடுக்க வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு பெட்டி. வீட்டில் இருப்பது தீர்ந்துகொண்டு வருகிறது.

முகட்டைச் சுற்றிப் போனால் கடைக்கு அரை நாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டிய இடங்கள் உண்டு. முதுகில் இரண்டு பெட்டிக்கு மேல் என்னால் முடியவில்லை. ஒரு நாள் முழுக்க நடந்தால் அவருக்கு இரண்டு நாள் உயிர்.

என் ட்ரோன் இருந்தால் இது வேலையே இல்லை. எண்பது கிலோ ஆரஞ்சை அனாயாசமாகத் தூக்கியது. கீழே போய் வர உலை கொதிக்கிற நேரம் கூட ஆகாது. அது கொட்டகையில் நிற்கிறது. ரிமோட்டைத் திறந்தால் அதே சிவப்பு எழுத்து: "அங்கீகரிக்கப்படாத பாகம். பறக்க இயலாது." இலையுதிர் காலத்தில் ஒரு மோட்டார் எரிந்துபோனது. உங்கள் கம்பெனியில் கேட்டால் பாகம் வர மாதக்கணக்காகும் என்றார்கள். அறுவடை காத்திருக்குமா? யிசாங் நகரத்தில் மிஷின் பழுது பார்க்கும் குட்டை ஹுவிடம் கொடுத்து, உடைந்த வேறொரு மிஷினிலிருந்து மோட்டாரைக் கழற்றி மாட்டினேன். குளிர்காலம் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் பறந்தது. புத்தாண்டுக்கு உங்கள் அப்டேட் வந்தது. ஏற்காவிட்டால் கிளம்பாது என்றது. ஏற்றேன். ஏற்றபின்னும் கிளம்பவில்லை.

அன்று விருந்தில் உன்னிடம் என்ன கேட்டேன்? "டேய், இது உன் கம்பெனி வேலை, கொஞ்சம் தொறந்து விடுடா"ன்னுதானே. நீ சாப்ஸ்டிக்கை வைத்துவிட்டு எல்லார் முன்னாடியும் சொன்னாய்: "அலுமினியம் உன்னோடது அக்கா. உள்ள ஓடறது உன்னோடது இல்ல." அதற்குத்தான் நான், "நீ இந்த வீட்டு ஆளா, அவங்க ஆளா"ன்னு கேட்டேன்.

அந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பதில் வேண்டாம். ட்ரோனைத் திறந்து கொடு.

யுன்ஷியாங்


ஷென்ஜென்
மார்ச் 16

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தானின் நிலை இப்படி என்று தெரியாது. நீ அழைத்தபோது நான் வேண்டுமென்றே துண்டித்தேன், கோபத்தால் அல்ல. எங்கள் பிரிவிலிருந்து ஏதோ வெளியே கசிந்ததாக விசாரணை நடக்கிறது. என் செல்போனில் அவர்கள் ஒரு கண்காணிப்பு மென்பொருளைப் போட்டிருக்கிறார்கள். பூட்டு, திறப்பது என்றெல்லாம் அதில் பேசாதே. இனியும் காகிதத்திலேயே எழுது. உறையில் இருக்கும் முகவரி என் கட்டிடத்துக்குக் கீழே இருக்கும் நூடுல்ஸ் கடை. கடைக்கார அம்மா வாங்கி வைப்பார்.

உன் வேண்டுகோளை முறைப்படி பதிவு செய்திருக்கிறேன். மருத்துவ அவசரம் என்று குறிப்பிட்டிருக்கிறேன். விதிவிலக்கு தர ஒரு குழு இருக்கிறது. பொறுமையாக இரு.

பொறுமை என்றதும் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அதனால் விருந்தில் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். போன வருடம் தெற்கே ஒரு கரும்புத் தோட்டத்தில் எங்கள் ட்ரோன் ஒன்று விழுந்தது. கழற்றி மாட்டிய மோட்டார். பறக்கும்போது ஒரு பக்கம் மட்டும் நின்றுபோனது. கீழே சுமை கட்டிக்கொண்டிருந்த பெண்மேல் விழுந்தது. அதன் பறப்புப் பதிவுகளை எடுத்து வர என்னைத்தான் அனுப்பினார்கள். போனபோது அவள் கணவர் ட்ரோனை யாரும் தொடக்கூடாது என்று அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "இத ஏன் பறக்க விட்டீங்க"ன்னு என்னைக் கேட்டார். கையில் ரிமோட் வைத்திருந்தது அவர்தான். ஆனால் கேட்டது என்னை. இறந்தவளுக்கு உன் வயது.

திரும்பி வந்து அந்தப் பூட்டை எழுதியவர்களில் நானும் ஒருவன். அதை எழுதியதில் எனக்கு வெட்கம் இல்லை. நீ விருந்தில் என்னை வெட்கப்பட வைக்கப் பார்த்தாய். அதுதான் எழுந்து போனேன்.

குட்டை ஹு மாதிரி ஆட்கள் பூட்டு திறக்கிறோம் என்று வருவார்கள். அவர்கள் பூட்டை மட்டும் எடுப்பதில்லை. எச்சரிக்கைகளையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதே.

அத்தானை எப்படியாவது கீழே கூட்டி வந்துவிட முடியாதா?

ஹைபோ


கல்வாசல் மேடு
மார்ச் 23

ஹைபோ,

உன் குழுவின் பதில் வந்தது. முகட்டில் ஏறியபோது செல்போனில் டிங் என்றது. "உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியமானது." அவ்வளவுதான். அதைக் கேட்டு உன் அத்தான், "பரவால்ல, முக்கியமானவங்க ஆயிட்டோம்"னார்.

அவரைக் கீழே கூட்டிவரச் சொல்கிறாய். முகட்டுப் பாதையை நீ பார்த்து எத்தனை வருடம் ஆகிறது? மழை விட்டபாடில்லை. சுமையில்லாத ஆள் மட்டும் தொற்றிக்கொண்டு கடக்கலாம். இந்தக் கடிதமும் அப்படித்தான் போகிறது. அவருடைய பெரியப்பா மகன் பெட்டியோடு வந்தவன் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்து கிடக்கிறான். அதற்குப்பின் யாரையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. ஊராட்சி ட்ரோன் ஒரு தடவை அரிசியும் எண்ணெயும் போட்டுவிட்டுப் போனது. மறுபடி வரச் சொன்னால், அந்தப் பக்க ஊரில் ஆட்கள் புதைந்து கிடக்கிறார்களாம், அங்கே போயிருக்கிறது. புதைந்தவர்களோடு நான் போட்டி போட முடியுமா?

நாலு பையை இரண்டாகக் குறைத்தேன். அவரிடம் கேட்காமல் இல்லை. அவரே சொன்னார், "பாதி பாதியா சுத்தமாயிக்கறேன்". இப்போது கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, சுவரில் சாய்ந்தே தூங்குகிறார். மரத்திலேயே பழுத்துக் கொட்டுகிற ஆரஞ்சு வாசனை வீடெல்லாம். நோய்க்கு ஆகாது என்று அதில் ஒன்றைக்கூட அவர் தொடக்கூடாது.

இனிமேல் எழுதப்போவதைப் படித்துவிட்டுக் கத்து. நான் ஹுவிடம் போனேன். அதாவது ஆள் அனுப்பினேன். ஒரு மெமரி கார்டு வந்தது. போட்டேன். சிவப்பு எழுத்து மறைந்தது. விசிறிகள் சுற்றின. நான் முற்றத்தில் நின்று அழுதேன் தெரியுமா, அந்தச் சத்தம் கேட்டு. கீழே அனுப்பினேன். கென்ஃபா ஏழு பெட்டி கட்டினான். விசிறிச் சத்தத்தில் நான் ஏழு வேண்டாம் என்று கத்துவது அவனுக்கு எங்கே கேட்கும்? தூக்கிக்கொண்டு மேலே வந்தது. பாதி வழியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ரிமோட்டில் எல்லாம் பச்சையாகவே இருந்தது ஹைபோ. பேட்டரி முழுசாக இருக்கிறது என்று காட்டிக்கொண்டே விழுந்தது. எங்கள் கீழ்த்தட்டு மரங்களின் மேல். சாலை போனதிலிருந்து மேலேயே மாட்டிக்கொண்ட கென்ஃபாவின் மனைவி அங்கேதான் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை எட்டுகிற தூரம். அவள் இன்னும் என்னிடம் பேசவில்லை.

பெட்டிகள் வெடித்து, திரவம் மரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவருடைய ஒரு வாரம் மண்ணுக்குள் போவதை நின்று பார்த்தேன். உடையாத பைகளைப் பொறுக்கித் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன். ட்ரோனின் ஒரு கை வளைந்துவிட்டது. சுத்தியலால் தட்டி நேராக்கிவிட்டேன். விசிறி மாற்றிவிட்டேன்.

ஆக, ஹுவைப் பற்றி நீ சொன்னது சரி. கரும்புத் தோட்டத்துப் பெண்ணைப் பற்றியும் சரி. நீ சொல்வது எல்லாமே சரி. அதை வைத்து நான் என்ன செய்யட்டும்? அவர் வயிற்றுக்குள் ஊற்றட்டுமா?

நீ செய்கிற பூட்டு நல்ல பூட்டு. எனக்குத் திருட்டுச் சாவி வேண்டாம். நல்ல சாவி வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவன் எனக்கு ஒருத்தன்தான் இருக்கிறான்.

அக்கா


ஷென்ஜென்
மார்ச் 28

அக்கா,

உன் கடிதத்தை நூடுல்ஸ் கடையிலேயே நின்று படித்தேன். நேராக பெங்கிடம் போனேன். எங்கள் பிரிவு மேலாளர். கெட்டவர் இல்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நான் கேட்காமல் விட்டேன் என்று நீ நினைக்கக்கூடாது.

"பெங் சார், ஒரே ஒரு மிஷின். ஒரே ஒரு சீரியல் நம்பர். நானே உக்காந்து பண்றேன்" என்றேன்.

"இன்னிக்கு உங்க அக்கா. நாளைக்கு என் மாமனார். அப்புறம் ஊரே வரும் ஹைபோ."

"ஊரே வந்தா என்ன தப்பு? ஊர்தானே வாங்கியிருக்கு?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "அந்தக் கரும்புத் தோட்டத்துக்கு நீதானே போன? செய்தில யார் பேர் வந்துச்சு? மோட்டார் போட்டவன் பேரா? மிஷின்மேல ஒட்டியிருக்கறது நம்ம பேரு."

"எங்க அத்தான் செத்தா யார் பேர் வரும் சார்?"

அவர் நாட்காட்டியைப் புரட்டினார். அடுத்த மாதம் ஒரு புது ட்ரோனைக் கடனாக அனுப்ப ஏற்பாடு செய்கிறேன் என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அடுத்த மாதம்.

இந்த உறைக்குள் ஒரு கார்டு இருக்கிறது. உன் மிஷினுக்கு மட்டும் வேலை செய்யும். ஹு செய்ததுபோல் எல்லாவற்றையும் உடைத்தால் தவிர, கம்பெனியின் டிஜிட்டல் முத்திரை இல்லாத எதையும் உன் ட்ரோன் ஏற்காது. அந்த முத்திரையைப் போடும் வேலையில் இருப்பவர்களில் நானும் ஒருவன். போட்டுவிட்டேன். அது எங்கேயாவது பதிவாகியிருக்கும். அதைப் பற்றி நீ யோசிக்காதே.

ஹுவின் மோட்டாரை இது ஏற்றுக்கொள்ளும். எச்சரிக்கைகள் எல்லாம் உண்மையாக வேலை செய்யும். மோட்டார் சூடானால் மஞ்சள் காட்டும், மஞ்சள் வந்தால் உடனே இறக்கு. காற்று அடித்தால் கிளப்பாதே. நீ சுத்தியலால் தட்டிய அந்த ட்ரோன் கையை என்னால் நம்ப முடியவில்லை. அதனால் எடைக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறேன்: நாற்பது கிலோ. நாலு பெட்டிக்கு மேல் கட்ட வேண்டாம் என்று கென்ஃபாவிடம் எழுதிக் கொடுத்தனுப்பு. அதற்கு மேல் கட்டினால் கிளம்பாது. கீழே யாரையும் நிற்க விடாதே.

அத்தானுக்கு முதல் நாளே நாலு பையும் போடு. பைகளைப் பிடிக்கும்முன் கையை நன்றாகக் கழுவு. இதையெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும்.

ஹைபோ


யிசாங்
ஏப்ரல் 14

ஹைபோ,

இந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அத்தான் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் கார்டு வந்த அன்றே போட்டேன். நாலு நாலு பெட்டியாக, கடை வாசல் காலியாகும்வரை தூக்கினேன். கென்ஃபா ஒவ்வொரு தடவையும் கட்டிவிட்டு ஓடிப்போய்ச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கையை ஆட்டினான். ட்ரோன் நிலைகுலையவே இல்லை. மூன்றாம் நாள் வீக்கம் வடிந்து அவர் மல்லாந்து படுத்துத் தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டேன். உன்னைப் பற்றி எல்லாரிடமும் பெருமை பேசினேன். பேசியிருக்கக் கூடாது. கென்ஃபாவும் மற்றவர்களும் முகட்டைச் சுற்றி வந்து முற்றத்தில் நின்றார்கள்.

"உன் தம்பி உனக்கு மட்டும்தான் தொறப்பானா? எங்க மிஷினும் அப்படியேதானே நிக்குது. பழம் பூரா அழுகுது" என்றான் கென்ஃபா.

"இது என் நம்பருக்கு மட்டும்தான் ஓடும்."

"நல்லா இருக்கு. அங்க கம்பெனி, இங்க நீ" என்று சொல்லிவிட்டுப் போனான். இருந்தும் பெட்டி கட்டுவதை அவன் நிறுத்தவில்லை.

அதற்குப்பின் ஒரு காலையில் அவர் வயிற்றிலிருந்து இறக்கிய திரவம் கலங்கி வந்தது. அரிசி கழுவின தண்ணீர் மாதிரி. மரத்தடியில் பொறுக்கித் துடைத்து வைத்தேனே பைகள், உன் கார்டு வரும்முன் அவற்றைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்றில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்திருக்கிறது என்கிறார் டாக்டர். மத்தியானத்துக்குள் காய்ச்சல் ஏறி, வயிறு பலகையாகி, தொட்டால் அலறினார். என் அறிவுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. கீழே சாலை முனைவரை ஆம்புலன்ஸ் வரும். ட்ரோனுக்கு அங்கே போகச் சில நிமிஷம்.

பழவலையை இரட்டையாக மடித்துத் தொட்டில் மாதிரி கட்டினேன். அவரைக் கேட்டேன், "பயமா இருக்கா?"

"ஆரஞ்சு போகுது, நான் போகக்கூடாதா? கட்டு" என்றார்.

இறுக்கிக் கட்டினேன். கிளப்பினேன். கயிறு விறைத்தது, வலை தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பியது, உடனே கீழே வைத்துவிட்டது. "எடை வரம்பு மீறல்." நாற்பத்தெட்டு.

அவருடைய மேல்கோட்டைக் கழற்றினேன். காலணியைக் கழற்றினேன். கால்சட்டையைக் கூடக் கழற்றிப் போர்வையை மட்டும் சுற்றினேன். வயிற்றில் இருந்த திரவத்தை மொத்தமும் வடித்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "முடியையும் வெட்டிடு"ன்னார். மறுபடி கிளப்பினேன். நாற்பத்து மூன்று. ஹைபோ, நாற்பத்து மூன்று. போர்வையையும் எடுத்தேன். நடுங்கினார். நாற்பத்திரண்டு. அந்த ட்ரோன் எண்பது கிலோ தூக்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதன்மேல் ஏறி அதை உதைத்தேன். உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். நீ போட்ட எண் ஒரு மயிரளவும் நகரவில்லை.

நான் கத்தியது கீழே கேட்டிருக்கிறது. கென்ஃபா முகட்டைச் சுற்றி ஓடிவந்தான். அவன் வந்து சேரவே சூரியன் சாய்ந்துவிட்டது. முதுகுச் சட்டத்தில் அவரை உட்கார வைத்துக் கட்டிச் சுமந்தான். முந்தின நாளிலிருந்து மழை இல்லை, பாதை காய்ந்திருந்தது. அது ஒன்றுதான் அதிர்ஷ்டம். பாதி வழியில் அவர் பேச்சு நின்றுவிட்டது. கென்ஃபா நடந்துகொண்டே, "அண்ணே, எதுனா திட்டுங்கண்ணே, சத்தம் குடுங்க"ன்னு கெஞ்சிக்கொண்டே போனான்.

பிழைத்துவிட்டார். ஆனால் சீக்கிரம் வந்திருந்தால் வயிற்றைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். இனி வயிற்றுவழி முடியாது. வாரம் மூன்று தடவை இங்கே வந்து இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும், ஆயுளுக்கும். மேட்டுக்குத் திரும்பிப் போவது என்பது இனி இல்லை.

உன் கம்பெனி என்னைப் பூட்டியது எனக்குப் புரிகிறது. அவர்களுக்கு நான் யார்? நீ திறந்து கொடுத்தபோதும் உள்ளே ஒரு பூட்டை வைத்துத்தான் கொடுத்தாய். ஏன் நாற்பது? ஐம்பது என்று ஏன் போடவில்லை? இதற்கு மட்டும் பதில் எழுது. வேறெதுவும் எழுதாதே.

யுன்ஷியாங்


ஷென்ஜென்
ஏப்ரல் 20

அக்கா,

கேட்டதற்கு மட்டும் பதில் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

அத்தான் நாற்பத்தெட்டு கிலோ என்று எனக்குத் தெரியும். புத்தாண்டுக்கு வந்தபோது அவர் எடை பார்க்கும் பலகையில் ஏறி, "உங்க அக்கா பன்னிக்குப் போடற தீனிய எனக்குப் போட்டிருந்தா தேறியிருப்பேன்"னு சொன்னதை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் நாற்பது.

உன்னை எனக்குத் தெரியும். வேறு வழியே இல்லை என்று ஆனால் அவரை அதில் கட்டுவாய் என்று எனக்குத் தெரியும். வளைந்து தட்டிய கை, யாரோ கழற்றிப் போட்ட மோட்டார், கீழே பாறை. அந்த எண்ணை அடிக்கும்போது எனக்குத் தெரிந்தது கரும்புத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்த அந்தக் கணவரின் முகம். அவர் இடத்தில் நீ. நீ என்னைப் பார்த்து, "இத ஏன் பறக்க விட்ட"ன்னு கேட்கிற மாதிரி. அந்தக் கேள்வியை உன் வாயால் கேட்க நான் தயாராக இல்லை.

பூட்டு கம்பெனி போட்டதாக இருந்தால் நீ என்னிடம் வரலாம். நானே போட்டதாக இருந்தால் நீ யாரிடம் போவாய்? அன்றைக்கு இது எனக்குத் தோன்றவில்லை. இப்போது வேறெதுவும் தோன்றுவதில்லை.

ஏற்றியிருந்தால் தாங்கியிருக்குமா என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் நினைப்பாய். நீ பெட்டி தூக்கிய பறப்புகளின் வெப்ப அளவுகளைக் கார்டு எங்கள் சர்வருக்கு அனுப்பியிருந்தது, நீ முகட்டில் சிக்னலில் நின்றபோது. என்னை வெளியே அனுப்பும்முன் அதைப் பார்த்தேன். தாங்கியிருக்கலாம். தாங்காமலும் போயிருக்கலாம். ஒரு எஞ்சினியராக இதற்கு மேல் என்னால் நேர்மையாகச் சொல்ல முடியாது.

ஆம், வெளியே அனுப்பிவிட்டார்கள். முத்திரையை நான் பயன்படுத்தியது தெரிந்துவிட்டது. பெங் என் மேசையைக் காலி செய்ய உதவினார். போலீஸில் புகார் கொடுத்திருக்கிறார்கள். அழைத்தால் போக வேண்டும். வழக்கறிஞர் சிறை இருக்காது என்கிறார், பிறகு இருக்கலாம் என்கிறார்.

போகும்முன் இன்னொன்று செய்து வைத்திருந்தேன். கூட இருக்கும் கார்டு. இது எந்த மிஷினிலும் ஓடும். கென்ஃபாவுடையதிலும். எந்த மோட்டாரையும் ஏற்கும். எச்சரிக்கைகள் இருக்கின்றன, ஆனால் எதையும் தடுக்காது. சொல்லும், அவ்வளவுதான். எடை வரம்பு என்ற இடத்தில் நான் எந்த எண்ணையும் போடவில்லை. காலியாக இருக்கிறது. யாருடைய மிஷினோ அவர்கள் போட்டுக்கொள்ளட்டும். கொடுப்பது சரியா என்று தெரியவில்லை. கொடுக்கிறேன்.

நீ வேறெதுவும் எழுதாதே என்றாய். ஒரு வரி மட்டும். அத்தானைப் பார்க்க வரலாமா?

ஹைபோ


யிசாங்
மே 6

ஹைபோ,

உன் கடிதத்தைப் பல நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். எழுத உட்கார்ந்தால் திட்டத்தான் வந்தது. திட்டி எழுதிய இரண்டு காகிதங்களைக் கிழித்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு அறை எடுத்திருக்கிறோம். ஜன்னல் இருக்கிறது. நான் மூன்றாம் மாடியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்திருக்கிறேன். அவர் இயந்திரத்தில் படுத்திருக்கும் நேரத்தில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அவருக்கு நகரம் பிடிக்கவில்லை. "இங்க காத்துக்குக் கூட யாரோ சொந்தக்காரங்க இருக்காங்க போல, மூச்சு விட்டா முறைக்கறாங்க"ன்னு சொல்கிறார்.

அந்தக் கார்டை கென்ஃபாவிடம் கொடுத்தேன். நீ எழுதியதை வரிக்கு வரி படித்துக் காட்டினேன், தடுக்காது, சொல்லும், கேட்பதும் கேட்காததும் உன் பாடு என்று. அவன் கார்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். பிறகு கேட்டான், "அப்ப விழுந்தா யாரத் திட்டறது?" யாரையும் திட்ட முடியாது என்றேன். "அது ஒண்ணுதான் குறை"ன்னு சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டான். சரிவில் மிஞ்சியிருந்த பழத்தையெல்லாம் இறக்கிவிட்டார்கள். மஞ்சள் விளக்கு எரிய எரியப் பறக்கவிட்டதில் ஒருத்தனுடைய மிஷின் ஆற்றில் போய் விழுந்தது. அடியில் யாரும் இல்லை. அவன் கரையில் நின்று, "என் மிஷின், நான்தான் விழவிட்டேன்"ன்னு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டானாம்.

போலீஸ் கூப்பிட்டால் என் பெயரைச் சொல். மறைக்காதே. என் மிஷின், நான் கேட்டேன், அவன் கொடுத்தான் என்று எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன். அதற்காக உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. இரண்டும் வேறு வேறு.

உன் கடிதத்தை நேற்றுத்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். கையில் ஊசியோடு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எடைப் பலகை விஷயம் வந்ததும் சிரித்தார். படித்து முடிக்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"பயந்திருக்கான் பாவம்" என்றார்.

"நாம பயப்படலையா?" என்றேன். "உங்கள அந்த வலைல கட்டும்போது முடிச்ச எத்தன தடவ அவுத்து அவுத்துப் போட்டேன் தெரியுமா? விழுந்திருந்தா?"

"விழுந்திருக்கலாம்."

"அப்ப அவன் பண்ணது சரிங்கறீங்களா?"

அவர் கண்ணைத் திறந்தார். "தாங்கியிருக்குமா தாங்காதான்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியல. ஆனா தொங்கப்போறது நான், தூக்கப்போறது நீ. அந்தத் தெரியாதது நம்மளோடது. அத மட்டும் அவன் எடுத்துக்கிட்டுப் போயிருக்கக்கூடாது."

இவ்வளவும் பேசிவிட்டுக் களைத்துப்போய்ப் படுத்துக்கொண்டார். பிறகு, "அவன வரச் சொல்லு. கைல எதுவும் வாங்கிட்டு வர வேணாம்னு சொல்லு, எனக்குத் தின்ன எதுவும் ஒத்துக்காது" என்றார்.

திங்கள், புதன், வெள்ளி காலையில் அவர் உள்ளே இருப்பார். உறவுக்காரர்களில் ஒருவரை மட்டும் உள்ளே விடுவார்கள். நீ போ. என்ன பேசுவது என்று ரயிலில் யோசித்துக்கொண்டு வராதே, அவரே பேசுவார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உன்னைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வருமா என்று தெரியவில்லை. வராவிட்டாலும் எழுந்து போய்விடாதே.

அக்கா